மழையில் மெட்டு ஏறி இறங்க: பின்சக்கர வண்டிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதத்துக் காலையில் தேனி பக்கத்துப் போடியில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். மேற்கே மெட்டின், அதாவது மலைப்பாதையின், தலையில் மட்டும் மேகம் உட்கார்ந்திருக்கும். முந்தல் செக்போஸ்ட் தாண்டியும் ரோடு காய்ந்தே கிடக்கும். 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி போடிமெட்டைத் தொட்டால் நசநசவென்று மழை, பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத மூடுபனி. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டிவிட்டு நம் பக்கத்துக்கு மிச்சம் மீதியைத்தான் அனுப்பும். அதனால் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பருவத்தைப் பார்த்துவிடுகிறோம். காய்ந்த ரோட்டில் ஓட்டி வந்த கையும் காலும் அதே பழக்கத்தில் ஈர ரோட்டுக்குள் நுழைந்துவிடுகின்றன.

நான் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்காக 20 வருடமாக இந்த மெட்டு ஏறி இறங்குகிறேன். முதலில் பழைய ஜீப், அப்புறம் பொலிரோ. இரண்டும் பின்சக்கரம் தள்ளுகிற வண்டிகள். இந்த வண்டி ஏற்றத்தில் வழுக்கும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. அதுவும் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது அல்ல, காலை வெடுக்கென்று எடுக்கும்போதும் கியரைக் குறைக்கும்போதும். இந்த ஒரு விஷயத்தைப் புரியவைக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உங்கள் வண்டி பின்சக்கர வண்டிதானா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பொலிரோ, ஸ்கார்பியோ, சுமோ, டவேரா, குவாலிஸ், பழைய இன்னோவா, கிரிஸ்டா, ஆம்னி, ஈகோ, டாடா ஏஸ், அம்பாசடர் எல்லாம் பின்சக்கரம். நாலு சக்கர ஓட்டம் உள்ள ஜீப்பும் ஜிப்சியும் சாதாரணமாக இரண்டு சக்கரத்தில் ஓடும்போது பின்சக்கர வண்டிதான். இன்னோவா ஹைகிராஸ் மட்டும் முன்சக்கரம். பெயரில் இன்னோவா இருக்கிறதே என்று கிரிஸ்டா ஓட்டிய கையோடு அதை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஈர ரோட்டில் இரண்டின் குணமும் வேறு.

வால் ஏன் சுற்றுகிறது

ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுகிற இடம் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவுதான். அந்த நாலு உள்ளங்கை பிடித்தால்தான் வண்டி திரும்பும், நிற்கும், முன்னே போகும். ஒரு டயரிடம் இருக்கிற பிடிமானம் கையிலிருக்கும் பணம் மாதிரி. திரும்புவதற்கு அதில் பெரும்பகுதியைச் செலவு செய்துவிட்டால், தள்ளவோ நிறுத்தவோ கொஞ்சம்தான் மிச்சம். மழை பெய்தால் அந்தப் பணமே கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

கணக்காகவே பார்ப்போம். காய்ந்த தாரில் உராய்வு எண் சுமார் 0.7. நனைந்த தாரில் 0.4 என்று வையுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் காய்ந்த ரோட்டில் 9 மீட்டரில் நிற்கிற வண்டி, ஈர ரோட்டில் கிட்டத்தட்ட 16 மீட்டர் எடுக்கும். காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஆகிற ஒரு வினாடியில் ஓடும் 11 மீட்டர் இதில் சேரவில்லை. வளைவிலும் இதே கதைதான். 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசியில் காய்ந்த நாளில் 36 கிலோமீட்டர் வரை டயர் தாங்கும், ஈர நாளில் 27-லேயே எல்லை வந்துவிடும். எல்லையைத் தொடாமல் 15, 20-ல் போவதுதான் முறை. மண்ணோ டீசலோ கிடந்தால் அந்த 27-ம் கிடையாது.

முன்சக்கர வண்டியில் திரும்புவதும் தள்ளுவதும் முன் டயரின் வேலை. அளவு மீறினால் மூக்கு நேராகப் போகும். பயம்தான், ஆனால் காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்சக்கர வண்டியில் முன் டயர் திருப்புகிறது, பின் டயர் தள்ளுகிறது. ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் பின் டயர் நன்றாக அழுந்தும். மலைக்கு இந்த வண்டி ஏற்றது என்று சொல்வதற்கு அதுதான் காரணம். ஆனால் இறக்கத்தில் எடை மூக்குக்குப் போய்விடும். பின்னால் ஆளும் இல்லை, மூட்டையும் இல்லை என்றால் பின் டயர் ரோட்டைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும், அழுந்தாது. அந்த நேரம் பார்த்து எஞ்சின் பின் டயரைப் பிடித்து இழுத்தால் அது ரோட்டை விட்டுவிடும். பிடிமானம் இழந்த பின்பக்கம் முன்பக்கத்தைத் தாண்டிப் போகப் பார்க்கும். அதைத்தான் வால் சுற்றுகிறது என்கிறோம்.

முதல் படி: கிளம்பும் முன் டயரைக் குனிந்து பாருங்கள்

மழை மலைக்கு எதில் காசு போடலாம் என்று யார் கேட்டாலும் டயர் என்றுதான் சொல்வேன். சட்டப்படி கார் டயரின் பட்டன், அதாவது ரோட்டைத் தொடுகிற ரப்பர் மேடு, 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். பட்டன்களுக்கு நடுவில் ஓடும் காடிக்குள் குறுக்கே சின்ன மேடு மாதிரி ரப்பர் இருக்கும், பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயர் முடிந்தது. ஆனால் மழைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததுமே தண்ணீரை வெளியே தள்ளும் சக்தி குறைந்துவிடும். பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்த டயர். தோட்டத்து வண்டிகள் அதிகம் ஓடாமல் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம்கூட உள்வாங்காத டயரை மழைக்கு நம்பாதீர்கள்.

இரண்டு புது டயர்தான் வாங்க முடியும் என்றால் பின்னால் போடுங்கள். முன்சக்கர வண்டிக்கும் இதுதான் சரி. பின்னால் தேய்ந்த டயர் இருந்தால் வால் முதலில் போகும், அதைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். மணலில், சேற்றில் அது சரி. ஈரத் தாரில் காற்று குறைந்த டயர் தண்ணீருக்கு மேலே சீக்கிரம் மிதக்கும். கதவோரம் ஒட்டியிருக்கிற அட்டையில் போட்ட அளவே போதும். குளிர்ந்த டயரில், அதாவது கிளம்புமுன், பாருங்கள்.

காலி வண்டியாக இறங்க வேண்டியிருந்தால் பின் அச்சுக்கு நேர் மேலே 40 கிலோ மணல் மூட்டை இரண்டு போடுவேன். அச்சுக்குப் பின்னால் தள்ளி, கதவோரத்தில் போடக்கூடாது. அங்கே போட்டால் வால் ஒருமுறை சுற்ற ஆரம்பித்ததும் அந்த எடையே இன்னும் வேகமாகச் சுற்றிவிடும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு மரக்கட்டை, ஒரு மண்வெட்டி, ஒரு பழைய சாக்கு கூடவே இருக்கட்டும். சாக்கு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: ரோட்டைப் படியுங்கள்

நெடுநாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் மழையின் முதல் அரைமணி நேரம்தான் மோசமானது. தூசி, டயர் ரப்பர், சொட்டிய டீசல், ஆயில் எல்லாம் தண்ணீரோடு குழைந்து வழவழவென்று ஒரு படலமாகும். நல்ல மழை ஒரு மணி நேரம் அடித்தால் அது கழுவிப் போய்விடும். அவசரம் இல்லையென்றால் முந்தலில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

மெட்டு ரோட்டில் நான் கண்ணை வைத்திருக்கும் இடங்கள் சில உண்டு. வெயில் படாத வளைவின் ஓரம் பாசி பிடித்திருக்கும், தார் கறுப்பாக இல்லாமல் லேசான பச்சையாகத் தெரியும். வளைவின் உள்பக்கம் மேலேயிருந்து ஓடிவந்த சரளை குவிந்திருக்கும். பஸ், லாரி ஏறித் தவிக்கும் வளைவுகளில் தார் மெருகேறிப் பளபளக்கும். வானவில் நிறத்தில் எதுவும் மின்னினால் அது டீசல், அதன் மேல் திரும்பவும் கூடாது, பிரேக்கும் பிடிக்கக் கூடாது, நேராக உருளவிட்டுத் தாண்டுங்கள். செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு, தென்மலை போகிறவர்களுக்கு ரப்பர் தோட்டத்துச் சருகும் தேக்கிலையும் கூடச் சேரும். ஊறிய சருகு சோப்பு மாதிரி வழுக்கும். லோயர்கேம்ப்பிலிருந்து குமுளி ஏறுகிறவர்களுக்கு சபரிமலை சீசன் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், ரோடு தெரியாத வெளியூர் வண்டி எதிரே எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் கணக்கு மாறும். அப்போது வடகிழக்குப் பருவமழை, ஈரம் நம் பக்கத்துக் கொண்டை ஊசிகளில்தான். மண்ணும் கல்லும் சரிவது அப்போது அதிகம். ரோட்டில் புதிதாக நாலு சின்னக் கல் கிடந்தால் மேலே பாருங்கள், பெரியது பின்னால் வரலாம். அந்த இடத்தில் படம் எடுக்க நிறுத்தாதீர்கள்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் மூணாறு ரோட்டை அகலப்படுத்திய பிறகு இன்னொரு பழக்கம் வந்திருக்கிறது. தார் வழவழவென்று இருப்பதால் வண்டி தானாக 60-ஐத் தொடுகிறது. அகல ரோட்டிலும் தண்ணீர் அதே தண்ணீர்தான்.

மூன்றாம் படி: ஏற்றம்

ஏற்றம் சுலபம், சுருக்கமாகவே சொல்கிறேன். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் கியர் மாற்ற வேண்டாம். ஹாரன் அடியுங்கள். உள்பக்கத்து ஓரத்தை ஒட்டி ஏறாதீர்கள். அங்கே ஏற்றம் செங்குத்து, சரளையும் அங்கேதான், உள் பின்சக்கரம் எடையிழந்து ஒற்றையாகச் சுழலும். இரண்டு பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் பல்லமைப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் எந்தச் சக்கரம் லேசாகச் சுழல்கிறதோ அதற்கே எஞ்சின் சக்தியை விட்டுக்கொடுக்கும். மற்றது சும்மா நிற்கும். எதிரே வண்டி இல்லையென்று தெரிந்தால் கொஞ்சம் அகலமாக எடுத்து, ஒரே சீராகக் காலை வைத்துப் போங்கள். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். இறங்குகிறவர் தயங்கி நின்றால் நீங்கள் தயங்காமல் ஏறிவிடுங்கள்; ஈர வளைவில் நின்று எடுப்பது இருவருக்குமே கஷ்டம்.

சக்கரம் சுழன்று நின்றுவிட்டால் இன்னும் மிதிக்காதீர்கள். சுழலச் சுழல அடியில் குழி பறித்து இன்னும் வழுக்கும். காலைப் பாதியாக்கி, ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்துப் பாருங்கள். சுழல்கிற சக்கரம் கொஞ்சம் தடைபட்டால் நிற்கிற சக்கரத்துக்குச் சக்தி போகும். நகரவில்லையென்றால் கட்டையை வைத்துவிட்டு இறங்கி, சாக்கைச் சுழலும் சக்கரத்துக்கு முன்னால் விரியுங்கள். முதல் கியருக்குப் பதில் இரண்டாவதில், கிளட்ச்சை மெல்ல விட்டு எடுங்கள். இரண்டாவதில் சக்கரத்துக்குப் போகும் உந்துதல் குறைவு, சுழல்வதும் குறையும். அந்த நேரத்தில் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

நான்காம் படி: இறக்கம்

பொலிரோ வாங்கிய முதல் வருடம், ஆடி மாதம். தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக வந்துகொண்டிருந்தேன். லேசான சாரல்தான். பாதி மெட்டில் ஒரு இடது வளைவு, மூன்றாவது கியரில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டேன். பிரேக்கை மிதித்தால் வழுக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் புத்திசாலித்தனமாகச் செய்வதாக நினைத்து, வளைவுக்குள் ஸ்டியரிங் திரும்பியிருக்கும்போதே இரண்டாவதைப் போட்டுக் கிளட்ச்சைப் பட்டென்று விட்டேன். டயர் கிறீச்சிடக்கூட இல்லை. சீட்டுக்கு அடியில் ஏதோ இடுப்பைப் பிடித்து வலதுபக்கம் தள்ளியது மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு முன்னால் ரோடு போய் மலைச்சுவர் வந்தது. வண்டி குறுக்கே நின்றபோது பின்சக்கரத்துக்கும் வெளிப்பக்கத் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தது.

கீழேயிருந்து ஆள் ஏற்றி வந்த ஜீப் ஒன்று இருபதடியில் நின்றது. அந்த டிரைவர் என் அப்பா வயதுக்காரர், இறங்கி வந்தார்.

"பிரேக்க மிதிச்சியா தம்பி?"

"இல்லண்ணே, கியர்தான் குறைச்சேன்."

"அதுவும் பிரேக்குதாண்டா. பின்னாடி மட்டும் பிடிக்கிற பிரேக்கு."

அதை அதற்கு முன்பு யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. கால் பிரேக் நாலு சக்கரத்தையும் பிடிக்கும், முன்னால் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும். எஞ்சின் பிரேக், அதாவது கியரைக் குறைத்தோ காலை எடுத்தோ எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது, பின்சக்கர வண்டியில் பின் இரண்டை மட்டும் பிடிக்கும். இறக்கத்தில் லேசாகிக் கிடப்பதும் அதே இரண்டுதான். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஏபிஎஸ் கால் பிரேக்கின் அழுத்தத்தை மட்டும்தான் விட்டுவிட்டுப் பிடிக்கும். கிளட்ச்சைப் பட்டென்று விட்டதால் எஞ்சின் பிடிக்கும் பிடியை அதனால் விடுவிக்க முடியாது.

அதற்காக எஞ்சின் பிரேக் வேண்டாம் என்று அர்த்தமில்லை. கால் பிரேக்கை மட்டும் நம்பி 17 வளைவும் இறங்கினால் பிரேக் சூடேறி, கருகிய வாடை வந்து, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. நியூட்ரலில் உருட்டுவதும், டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து இறங்குவதும் தற்கொலை. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் போய்விடும், இரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். எஞ்சின் பிரேக் வேண்டும், அதை எப்போது எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் இப்போது செய்யும் முறை இது. எந்தக் கியரில் இந்த ஏற்றம் ஏறுமோ அதே கியரில் இறங்க ஆரம்பிக்கிறேன், பெரும்பாலும் இரண்டாவது. அதனால் வளைவுக்கு வளைவு கியர் மாற்றும் தேவையே வருவதில்லை. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே, வளைவுக்கு முன்பே மாற்றுகிறேன். முதலில் கால் பிரேக்கால் வேகத்தை 20-க்குக் கொண்டுவருகிறேன். கிளட்ச்சை மிதித்து, கியரை மாற்றும் நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறேன். எஞ்சின் சுற்று கொஞ்சம் ஏறி, புதுக் கியருக்கு ஏற்ற அளவுக்கு வரும். அப்புறம் கிளட்ச்சை ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே விடுகிறேன். சரியாகச் செய்தால் வண்டியில் தூங்குகிறவர் தலை முன்னால் ஆடாது. தலை ஆடினால் பின் டயரும் அதே அடியை வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

வளைவுக்குள் நுழைந்த பிறகு கால் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்தபடி திருப்புங்கள். வேகம் அதிகம் என்று வளைவுக்குள் தோன்றினால் காலை வெடுக்கென்று எடுக்காமல், காற்றுப் போன பந்திலிருந்து கையை எடுப்பதுபோல் மெல்ல எடுங்கள். வெளியே வந்து வண்டி நேரான பிறகுதான் மறுபடி மிதிப்பதெல்லாம். பிரேக் தனியே, திருப்பம் தனியே, மிதி தனியே. காய்ந்த நாளில் இரண்டைச் சேர்த்துச் செய்தாலும் டயர் பொறுத்துக்கொள்ளும், மழையில் பொறுக்காது.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் D-யில் போட்டு இறங்காமல், கையால் கியரைத் தேர்ந்தெடுக்கும் வசதியில் இரண்டாவதையோ L-ஐயோ போட்டுவிட்டு இறங்குங்கள். இல்லையென்றால் எந்த நொடியில் கியர் குறையும் என்பதை வண்டி தீர்மானிக்கும், அது வளைவின் நடுவாகவும் இருக்கலாம்.

ஐந்தாம் படி: மீறி வால் சுற்றினால்

இதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு வினாடிக்குள். யோசித்துச் செய்ய முடியாது, கை கால் தானாகச் செய்ய வேண்டும். அதனால்தான் வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்கிறேன்.

கிளட்ச்சை முழுக்க மிதியுங்கள். கியர் குறைத்ததாலோ காலை எடுத்ததாலோ வந்த சறுக்கல் என்றால் பாதி வைத்தியம் இதிலேயே முடிந்தது. பின்சக்கரம் எஞ்சினிடமிருந்து விடுபட்டு உருள ஆரம்பிக்கும், உருள்கிற டயர்தான் பிடிக்கும். அதே நேரம் கண் போக வேண்டிய ரோட்டில் இருக்கட்டும். பள்ளத்தைப் பார்த்தால் கையும் அங்கேதான் போகும். வால் வலதுபக்கம் போனால் ஸ்டியரிங்கும் வலதுபக்கம், இடது என்றால் இடது. வால் போகும் பக்கமே மூக்கையும் கொண்டுபோய் வண்டியை நேராக்குகிறீர்கள். கால் பிரேக்கைத் தொடாதீர்கள்.

இனி வருவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். வால் பிடிமானம் கிடைத்துத் திரும்பி வரும்போது வேகமாக வரும். அது திரும்ப ஆரம்பித்ததும், நேராகும் வரை காத்திருக்காமல், ஸ்டியரிங்கை நடுவுக்குக் கொண்டுவர ஆரம்பிக்க வேண்டும். தாமதித்தால் வால் மறுபக்கம் இன்னும் வேகமாக அடிக்கும். முதல் சுற்றில் யாரும் பள்ளத்தில் விழுவது குறைவு, இரண்டாவது அடிதான் தூக்கி வீசும். வண்டி நேரான பிறகு கிளட்ச்சை மெல்ல விடுங்கள்.

ஆக்சிலேட்டரை அதிகம் மிதித்ததால் வால் போனது என்றால், அதாவது ஏற்றத்திலோ வளைவிலிருந்து வெளியே வரும்போதோ, கிளட்ச் வேண்டாம். மிதியைப் பாதியாகக் குறைத்து ஸ்டியரிங்கால் பிடித்தால் போதும்.

எல்லாம் கைமீறி வண்டி முழுதாகச் சுற்றத் தொடங்கிவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் அழுத்தி மிதித்துவிடுங்கள். அப்போது நோக்கம் நிற்பது மட்டும்தான்.

இதை மெட்டில் கற்க முடியாது. மழை பெய்து ஓய்ந்த ஒரு பெரிய காலி மைதானத்தில், அனுமதி வாங்கி, ஆளும் ஆடும் மாடும் மரமும் கல்லும் இல்லாத இடத்தில், 15 கிலோமீட்டர் வேகத்தில் வட்டமடித்துக் கிளட்ச்சைப் பட்டென்று விட்டுப் பாருங்கள். வால் விலகுவது சீட்டில் எப்படித் தெரிகிறது என்று இடுப்புக்குத் தெரிய வேண்டும். என் மகனுக்கு லைசென்ஸ் எடுத்ததும் முதலில் இதைத்தான் செய்யவைத்தேன். அவன் பத்தாவது தடவையில் பிடித்துக்கொண்டான்.

உறைபனியில் ஓட்டுகிறவர்களுக்கு

அக்கா மகன் ஸ்வீடனில் வேலை பார்க்கிறான். போன குளிர்காலத்தில் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வாங்கினான். இரண்டே சீட், பின்சக்கரம் தள்ளுகிற ஸ்போர்ட்ஸ் கார். ராத்திரி போன் போட்டான்.

"மாமா, சிக்னல்ல நின்னு எடுத்தாலே வால் ஒரு பக்கமாப் போகுது."

"எந்தக் கியர்ல எடுக்கிற மாப்ள?"

"ஃபர்ஸ்ட்லதான்."

"செகண்ட்ல எடு. கிளட்ச்ச மெல்ல விடு. மொதல்ல டயர் என்ன டயர்னு சொல்லு."

டயர்தான் அங்கேயும் முதல் விஷயம். ஸ்வீடனில் பனிக்கால ரோட்டு நிலைமை இருந்தால் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பனி டயர் கட்டாயம். சாதாரணக் கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனாலே இறுகத் தொடங்கிவிடும், ஸ்போர்ட்ஸ் டயர் இன்னும் மோசம். நாலுக்கும் பனி டயர் போட வேண்டும், பின்னால் மட்டும் போட்டால் மூக்கு திரும்பாது. டயர் அகலம் இங்கே பெருமை இல்லை. ஒடுக்கமான டயர் பனியைக் கீறிக்கொண்டு கீழே இறங்கிப் பிடிக்கும், அகலமானது மேலே மிதக்கும்.

நம் ஈரத் தாரின் உராய்வு 0.4 என்றால், பனிக்கட்டியில் அது 0.1 அளவுக்கு இறங்கிவிடும். அதே 40 கிலோமீட்டரில் நிற்க 60 மீட்டருக்கு மேல் வேண்டும். கடும் குளிரில் இருக்கும் பனிக்கட்டியைவிட, 0 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கும் பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும். பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்று ஓடுவதால் பாலங்கள் முதலில் உறையும். ஈரத் தார் மாதிரியே கறுப்பாகத் தெரிவது உறைந்த படலமாக இருக்கலாம். டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கும் சத்தம் திடீரென்று நின்றால் சந்தேகப்பட வேண்டும். வண்டியின் சறுக்கல் தடுப்பு வசதியை அணைக்கவே கூடாது, பனியில் புதைந்து முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கும் நேரம் மட்டும் விலக்கு. மற்றபடி நான் மெட்டு இறக்கத்துக்குச் சொன்னது அத்தனையும் அவனுக்குப் பொருந்தியது. ஒவ்வொன்றையும் இன்னும் பாதி வேகத்தில், இன்னும் இரண்டு மடங்கு மெதுவாகச் செய்யச் சொன்னேன்.

நமக்கும் இதில் கொஞ்சம் வேலை உண்டு. மூணாறு, தேவிகுளம் பக்கம் ஜனவரி விடியலில் 0 டிகிரி வரை இறங்கும் நாட்கள் இருக்கின்றன. புல்லும் கார் கண்ணாடியும் வெளுத்திருக்கும். அந்தக் கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். தேயிலைத் தோட்ட நிழலில் போகும் ரோட்டை வெயில் ஏறும் வரை நம்பாதீர்கள்.

ஆறாம் படி: மூடுபனியும் தண்ணீரும்

மூடுபனியில் ஹெட்லைட்டைத் தாழ்வாகப் போடுங்கள், உயர்த்தினால் வெளிச்சம் முழுக்கத் திரும்பி உங்கள் கண்ணிலேயே விழும். நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. நிற்கும்போது மட்டும் அது. இடதுபக்க வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் எதிர் ஹாரன் கேட்கும். உள்பக்கக் கண்ணாடி மங்கினால் குளிராக இருந்தாலும் ஏசியைப் போட்டு கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், அது காற்றின் ஈரத்தை எடுத்துவிடும்.

ரோட்டைக் கடந்து ஓடும் காட்டுத் தண்ணீர் ஓர் அடி ஆழம் இருந்தாலே சின்னக் காரை நகர்த்தும். அடியில் தார் இருக்கிறதா, அரித்துப் போயிருக்கிறதா என்பது மேலேயிருந்து தெரியாது. கலங்கலாக ஓடினால் நின்றுவிடுங்கள்.

சமவெளிக்கு இறங்கியதும் தேனி நோக்கி வேகம் பிடிக்கும் ஆசை வரும். தேங்கிய தண்ணீரில் 70, 80-ல் ஏறினால் டயர் ரோட்டை விட்டு மிதக்கலாம், தேய்ந்த டயர் அதற்கும் முன்பே மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று பஞ்சு மாதிரி லேசானால் அதுதான் அறிகுறி. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, காலை மெல்ல எடுத்து, டயர் மறுபடி ரோட்டைத் தொடும் வரை காத்திருங்கள்.

வீடு வந்த பிறகு

தண்ணீருக்குள் இறங்கி வந்திருந்தால் தெருவுக்குள் நுழையுமுன் லேசாக நாலைந்து முறை பிரேக்கை மிதித்து டிரம்மைக் காயவையுங்கள். மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க ஹேண்ட் பிரேக் போட்டு வைத்தால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். சமதளமாக இருந்தால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள். காலையில் கட்டையை எடுக்க மறக்காமலிருக்க நான் சாவிக்கொத்தைக் கட்டை மேலேயே வைத்துவிட்டு வருவேன், கதவு பூட்டிய எங்கள் வாசல் என்பதால். பட்டன் காடிகளில் மாட்டிய சரளையை ஸ்க்ரூடிரைவரால் நோண்டி எடுங்கள். நாலு டயரையும் கையால் தடவிப் பாருங்கள். ஒரு பின் டயர் மட்டும் மற்றதைவிட வேகமாகத் தேய்ந்திருந்தால், அல்லது ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், அடுத்த மெட்டுக்கு முன்னால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.